நடுமேட்டுச் சோறு

நடுமேடு
20 அக்டோபர் 2024
(இது உன் காலண்டர்படி. இங்கே காலண்டர் அச்சாக இன்னும் நாளாகும்.)

என் அக்கா குசுமா பெற்ற அருந்தவப் புதல்வியே, விழுப்புரம் நீதிமன்றக் கட்டடம் சரிந்துவிடாமல் இரண்டு கையாலும் தாங்கி நிற்கும் வக்கீல் பிராமியே,

உன் தாய்மாமன் ஜினதாஸ் நயினார் உயிரோடிருக்கிறேன். இதைப் படித்து நீ அழ வேண்டாம். நீ அழமாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். நீ என்னோடு பேசுவதை நிறுத்தி ஏழு மாதம் ஆகிறது. "என் தம்பியப் பெங்களூரு வேலைக்குப் போவவுடாம மல்லாட்டை எண்ணெய்ச் செக்குல கட்டிப் போட்டுட்டீங்க" என்று போனை வைத்தவள், வைத்தவள்தான். இப்போது நீயே மனமிரங்கிக் கூப்பிட்டாலும் பயனில்லை. இங்கே டவர் இல்லை. டவர் என்ன டவர், திண்டிவனமே இல்லை.

விளையாடவில்லை. புதன்கிழமை கொட்டிய மழை உனக்குத் தெரியும். ஏரிக்கு நடுவில் இருக்கும் நம் ஊருக்கு வரும் ஒற்றை ரோடும் முங்கிப்போனது. அதெல்லாம் வருஷா வருஷம் நடப்பதுதான். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தோம். விடிந்து பார்த்தால் மழை விட்டிருந்தது. தார் ரோடு தண்ணீரில் இறங்கியது, மறுகரையில் ஏறவில்லை. பைபாஸ் லாரிச் சத்தம் இல்லை. மயிலத்துக் குன்று இருக்கிறது, மேலே கோயில் இல்லை. செஞ்சி மலைகள் இருக்கின்றன, கோட்டை கட்ட இன்னும் ஆள் வரவில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியதம்பி பல் துலக்கிக்கொண்டே வந்து, "இன்னா நயினாரே, அக்கரையில நேத்து சாயங்காலம் வரைக்கும் என் கரும்பு இருந்துது. இப்ப காடு நிக்குது. யாரு வேலை இது?" என்றார். கலெக்டரிடம் மனுக் கொடுப்போம் என்றேன். கலெக்டர் பிறக்க இன்னும் எத்தனை நூற்றாண்டு என்று அப்போது எனக்குத் தெரியாது.

பிறகு ஒருவன் ஓடத்தில் வந்தான். அவன் பேசியது தமிழ்தான். ஆனால் பத்தாம் வகுப்பு மனப்பாடப் பகுதி எழுந்து, இடுப்பில் துணி கட்டிக்கொண்டு, துடுப்புப் போட்டு வந்து பேசியதுபோல் இருந்தது. நம் பள்ளிக்கூடத் தமிழ் டீச்சர் கலைப்பிரியா மட்டும்தான் அவனோடு பேசிப் புரிந்துகொண்டார். நாம் இரண்டாயிரம் வருஷம் பின்னால் வந்துவிட்டோம் என்பது அவர் கணக்கு. நான் முப்பதாயிரம் என்றேன். பிறகு ஒரு டீச்சரோடு எதற்கு வம்பு என்று பெருந்தன்மையாக இரண்டாயிரத்துக்கு இறங்கி வந்தேன்.

கடிதம் எப்படி வருகிறது என்று கேட்பாய். ஏரி மதகு அதே மதகுதான். கல்லில் உளி பட்ட வெளுப்பு இன்னும் மாறவில்லை, அவ்வளவுதான். நேற்று அந்த மதகுக் குழியில் காலி பால் பாக்கெட் ஒன்று மிதந்தது. அதில் நேற்றைய தேதி அச்சடித்திருந்தது! உங்கள் பக்கத்துக் குப்பை எங்களுக்கு வருமென்றால் எங்கள் கடிதம் உங்களுக்கு வராதா? சோடா பாட்டிலில் போட்டு விடுகிறேன். ஆள் புக முடியாது. பெரியதம்பி தலையை விட்டுப் பார்த்தார், காதுகள் சம்மதிக்கவில்லை.

உன் தம்பி நிதிஷ் நலம். குறை ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
ஏழு கடலும் ஓர் ஏரியும் சூழ்ந்த நடுமேட்டுப் பேரரசின் முதல் குடிமகன்,
ஜினதாஸ் நயினார்

⁂

விழுப்புரம்
24 அக்டோபர் 2024

மாமா,

உங்கள் பாட்டிலை ஏரித் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் நீர்க்கட்டி சவுரிராயன் கொண்டுவந்து கொடுத்தார். மதகைத் திறக்கப் போனபோது கிடைத்ததாம். நீங்கள் சொன்ன அதே மதகில், தண்ணீர் சுழலும் இடத்தில் இதை விடுகிறேன்.

முதலில் நம்பவில்லை. பக்கவாதம் வந்துவிட்டது என்று போன் செய்து எங்களைக் காரில் அலறியடித்து வரவைத்து, வந்து பார்த்தால் கால் மரத்துப்போய் உட்கார்ந்திருந்தவர் நீங்கள். அதனால் நானே போய்ப் பார்த்தேன். தீயணைப்புத் துறைப் படகில் ஏரியை முழுக்கச் சுற்றினேன். ஊர் இருந்த இடத்தில் தண்ணீர்தான் இருக்கிறது. பள்ளிக்கூடக் கொடிக்கம்பத்தின் நுனிகூட இல்லை. ஊரோடு அடித்துக்கொண்டு போய்விட்டது என்கிறார்கள். ஆனால் ஓர் உடல்கூடக் கிடைக்கவில்லை.

இப்போது நம்புகிறேன். கையெழுத்தை வைத்து அல்ல. உலகமே காணாமல் போனதை இவ்வளவு பெருமையாக எழுத உங்களைத் தவிர வேறு ஆள் கிடையாது.

உங்கள் பிரஷர் மாத்திரை, சத்துணவு சமைக்கும் அம்சா அக்காவின் தைராய்டு மாத்திரை இரண்டும் பாலிதீனில் சுற்றி வைத்திருக்கிறேன். மற்றவர்களுக்கு என்னென்ன வேண்டும் என்று எழுதுங்கள்.

அம்மா ஒருவேளைதான் சாப்பிடுகிறார்கள், அதுவும் நான் பக்கத்தில் உட்கார்ந்தால். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "எல்லாத்தையும் எழுதினான். என் புள்ளயப் பத்தி ஒரு வரி. அந்த ஒரு வரியிலதான் இவன் எதையோ முழுங்கறான்" என்றார்கள். உங்கள் அக்கா உங்களை அறுபது வருஷமாகப் பார்க்கிறார்கள்.

நிதிஷை அவன் கையாலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

பிராமி

⁂

நடுமேடு
30 அக்டோபர் 2024

நீதியின் கூர்வாளே,

மாத்திரை வந்து சேர்ந்தது. அம்சா அந்த அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இங்கே பெரிய நிகழ்ச்சி நடந்துவிட்டது. உட்கார்ந்து படி. கடுவன் வேள் என்று இந்தப் பக்கத்துக் குறுநில மன்னன், பதினாயிரம் யானை, லட்சம் குதிரை, எண்ணிலடங்காக் காலாட்படையோடு ஏரிக்கரைக்கு வந்து இறங்கினான். நீ நம்பமாட்டாய் என்பதால் சொல்கிறேன், காலாட்கள் ஓர் இருநூறு பேர். குதிரை பத்துப் பன்னிரண்டு. யானை ஒன்று. அதுவும் நொண்டி.

மன்னன் எங்கள் ஊர் மொத்தத்துக்கும் விருந்து வைத்தான். ஓடம் அனுப்பிக் கரைக்கு அழைத்துப்போனார்கள். இலை போட்டுச் சோற்றைக் குன்றாகக் குவித்து, அதில் நெய்யை அருவியாக விட்டார்கள். நமக்கு ஆகாத மற்றது ஒரு பக்கம் வெந்து புகைந்துகொண்டிருந்தது. பெரியதம்பியின் மூக்கு அந்தப் புகை போகும் திசையிலேயே திரும்பித் திரும்பிப் போனது. ரேஷன் கடை மூட்டையை எண்ணியெண்ணி அரை வயிற்றுக்கு உண்டு பத்து நாளாகியிருந்தது, பார்த்துக்கொள்.

உட்காரப் போகும்போது கலைப்பிரியா டீச்சர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "நயினாரே, கைய வெச்சிடாதீங்க. இந்தக் காலத்துல ஒருத்தன் சோத்தத் தின்னா, அவன் சொன்ன எடத்துல போயி உசுர வுடணும். அதுதான் இவங்களுக்குச் சட்டம். இது விருந்து இல்ல, ஆள் எடுக்கறாங்க" என்றார். அடுத்த பௌர்ணமியன்று மேற்கே ஒரு மலைக்கோட்டையின்மேல் கடுவன் படையெடுக்கிறானாம். முன்வரிசைக்கு ஆள் வேண்டுமாம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வானத்தைப் பார்த்தேன். பொழுது சாய்ந்திருந்தது. எழுந்து நின்றேன். கலைப்பிரியா அந்தக் காலத் தமிழில் எடுத்துச் சொல்லச் சொல்ல முழங்கினேன்: "வேந்தே, நாங்கள் சமணர். கதிரவன் மறைந்தபின் ஒரு பருக்கையும் எங்கள் தொண்டையில் இறங்காது!" வானம் அதிர்ந்தது. நொண்டி யானை பிளிறியது. அது பசிக்குப் பிளிறியிருக்கவும் கூடும்.

ஊரில் சமணர் வீடு எத்தனை என்று உனக்குத் தெரியும். ஆனால் அந்த மாலையில் நடுமேடு மொத்தமும் சமணமாக மாறியது. கோவிந்தம்மாள் எழுந்தார். ராயப்பன் சிலுவையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு எழுந்தார். பெரியதம்பி மட்டும் இலையையும் புகையையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, "நானும்தான். இன்னையிலேர்ந்து" என்றார். அம்சா அவர் காதில், "எத்தினி நாளிக்கு?" என்று கேட்டது எனக்கே கேட்டது.

கடுவனுக்கு மலைக்குகைச் சமணரைத் தெரிந்திருக்கிறது. சினம் கொள்ளவில்லை, சிரித்தான். "நன்று. முழுநிலவுக்கு முந்திய நாள், ஞாயிறு உச்சியில் நிற்கும்போது மீண்டும் இலை போடுவேன்" என்று சொல்லி அனுப்பினான்.

வெற்றி! வெற்றி! என் அக்காவிடம் சொல், அவள் தம்பி ஒரு பேரரசனைச் சாயங்காலத்தால் அடித்துச் சாய்த்தான் என்று.

நிதிஷ் கையில் சின்னச் சிராய்ப்பு. அதனால் எழுதவில்லை.

இப்படிக்கு,
அந்தி வென்ற நயினார்

⁂

விழுப்புரம்
3 நவம்பர் 2024

மாமா,

உங்கள் கடிதத்தில் கோவிந்தம்மாள் எழுந்தார், ராயப்பன் எழுந்தார், பெரியதம்பி கண்ணை மூடிக்கொண்டார். ஒரு யானைகூடப் பிளிறியது. நிதிஷ் எங்கே உட்கார்ந்திருந்தான்? எப்போது எழுந்தான்? நீங்கள் முழங்கிய முழக்கத்தை அவன் கிண்டல் செய்யாமல் இருந்திருக்க மாட்டான். அதை நீங்கள் எழுதாமலும் இருந்திருக்க மாட்டீர்கள்.

அவன் அந்த விருந்தில் உங்கள் பக்கம் இல்லை. சரியா?

இன்னொன்றும் சொல்கிறேன். நீங்கள் யாரையும் சாய்க்கவில்லை. பொழுது சாய்ந்ததன் பின்னால் போய் ஒளிந்துகொண்டீர்கள். அது நம் வழக்கம்தான், அந்த நேரத்துக்கு உதவியது, சந்தோஷம். நடுப்பகலில் இலை போட்டால் எதன் பின்னால் ஒளிவீர்கள்?

தீபாவளியன்று நம் சமண வீடெல்லாம் மகாவீரர் முக்தியடைந்ததற்கு விளக்கு வைத்தன. அம்மா வைக்கவில்லை. "அவன் கைல எழுதி ஒரு வரி வரட்டும்" என்கிறார்கள்.

அடுத்த கடிதத்தில் அருவி வேண்டாம், குன்று வேண்டாம், பட்டப்பெயர் வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். உங்களால் முடியும் என்று எனக்குத் தெரியும்.

பிராமி

⁂

நடுமேடு
6 நவம்பர் 2024

பிராமி,

நிதிஷ் கடுவனின் சோற்றைத் தின்றுவிட்டான்.

விருந்துக்கு இரண்டு நாள் முன்னால் குதிரை பார்க்கிறேன் என்று ஓடக்காரனோடு கரைக்குப் போனான். முதல் கடிதம் எழுதும்போதே போகிறேன் என்று நின்றான், அதைத்தான் முழுங்கினேன். நான் தடுக்கவில்லை. படைவீரர்கள் நண்பகலில் இலை போட்டு, நெய் விட்டு, உட்காரச் சொன்னார்கள். அரை வயிற்றோடு இருந்தவன். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான். அந்தச் சோற்றுக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. அன்று மாலையே அவன் கையில் ஈட்டியைக் கொடுத்துவிட்டார்கள்.

விருந்தன்று அவன் கடுவனுக்குப் பின்னால் நின்றான். என்னைப் பார்த்தான். நான் முழங்கினேன் என்று எழுதினேனே, என் குரல் நடுங்கியது.

மறுநாள் நான் போய்க் கடுவனின் காலில் விழுந்தேன். பிள்ளைக்கு எதுவும் தெரியாது, விட்டுவிடுங்கள் என்றேன். "தின்றான் அல்லனோ?" என்று ஒரே கேள்வி கேட்டான். தின்றான்தான். எழுந்து வந்துவிட்டேன்.

பௌர்ணமியன்று முன்வரிசையில் நிறுத்துவார்கள். நம் வீட்டுப் பிள்ளை. தண்ணீரைத் துணியில் வடிகட்டி, அதில் வந்த பூச்சியைத் திரும்பக் கிணற்றிலேயே விடச் சொல்லி உன் அம்மா வளர்த்த பிள்ளை. கொன்றால் ஒன்று, செத்தால் ஒன்று. இரண்டில் எது பெரிய இழப்பு என்று உன் அம்மாவைக் கேட்டுவிடாதே.

கடுவனின் ஆட்களுக்கே தினம் ஒருவேளைக் கஞ்சிதான். ஆள் எடுக்கும் அன்றைக்குத்தான் நெய். அவர்கள் எலும்பை எண்ணலாம்.

எனக்கு எதுவும் தோன்றவில்லை.

ஜினதாஸ்

⁂

விழுப்புரம்
8 நவம்பர் 2024

மாமா,

இரண்டு நாள் உங்கள்மேல் கோபப்பட்டு முடித்துவிட்டேன். மிச்சத்தை நேரில் வைத்துக்கொள்ளலாம்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மறைக்க வேண்டாம் என்று தோன்றியது. அம்மா அழவில்லை. "அவன் சட்டம் அவன் வசதிக்குத்தான் இருக்குமா? பெரிய வக்கீல்னு பேரு வெச்சிக்கினு இருக்கியே, அதுல பூந்து பாருடி" என்றார்கள். புகுந்து பார்த்தேன்.

தின்றவன் போட்டவனுக்குக் கட்டுப்பட்டவன். இதுதானே சட்டம்? அப்படியென்றால் அது நிதிஷுக்கு மட்டும் எழுதியதில்லை. கடுவனின் இருநூறு பேருக்கும் அதேதான். அவர்கள் பசியோடு இருக்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நண்பகலில் அவன் இலை போடட்டும் என்று ஏன் காத்திருக்க வேண்டும்? அவனுக்கு முன்னால் நீங்கள் போடுங்கள். ரேஷன் கடையில் இருப்பதை மொத்தமாகப் போடுங்கள். அன்று காலை அவன் கஞ்சியைக் குடித்துவிட்டு வருவார்களே என்பீர்கள். கடைசியாக வயிற்றில் இறங்கிய சோறு யாருடையதோ அவனுக்குத்தான் கடன் என்று வாதாடுங்கள். முன்னுதாரணம் கேட்டால், அது பிறக்க இன்னும் இரண்டாயிரம் வருஷம் ஆகும் என்று சொல்லுங்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. இது நானும் அம்மாவும் சேர்ந்து வைப்பது. சொல்லிவிட்டுப் பரிமாறுங்கள். தின்றால் இன்ன அர்த்தம் என்று உரக்கச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு இலையில் வையுங்கள். நிதிஷிடம் யாரும் சொல்லவில்லை. அவனுக்கு அவர்கள் செய்ததை அவர்களுக்கு நாம் செய்து அவனை மீட்க வேண்டாம்.

சொன்னால் ஒருவரும் உட்காரமாட்டார்கள் என்பீர்கள். உட்காராமல் போகலாம். அப்போது நீங்கள் ஒளியாமல் நின்றீர்கள் என்றாவது இருக்கும்.

பிராமி

⁂

நடுமேடு
16 நவம்பர் 2024

மூவுலகிலும் முதல் வக்கீலே, நீதி தேவதையின் கண்கட்டை அவிழ்த்து மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டவளே,

உன் தம்பி என் பக்கத்தில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருக்கிறான். முதலில் அதை எழுதிவிட்டேன். இனி என்னை யாரும் தடுக்காதீர்கள்.

உன் கடிதத்தை ஊரைக் கூட்டிப் படித்தேன். பெரியதம்பி குதித்தார்: "வூட்டுல இருக்கறத எல்லாம் கொட்டிப்புட்டு நாளிக்கு நாம இன்னாத்தத் தின்றது? சரி, கொட்டறதுதான் கொட்டறோம், சொல்லாம போடு. தின்னதுக்கப்புறம் சொல்லு. அவன் அப்டித்தான செஞ்சான்?" பாதி ஊர் அவர் பக்கம். நானும் உள்ளூர அவர் பக்கம்தான். அம்சாதான் எழுந்தார். "பொம்பளைங்க அங்கேர்ந்து ஒண்ணு கேட்டிருக்காங்க. சமைக்கப்போறது நானு. சொல்லாம போடறதா இருந்தா நீயே பொங்கிக்கோ" என்றார். விவாதம் அத்தோடு முடிந்தது.

சத்துணவுக்கூட அண்டாக்கள் எல்லாம் ஓடத்தில் கரைக்குப் போயின. அரிசி மூட்டை எல்லாம் போனது, ஒன்று மிச்சமில்லாமல். துவரம்பருப்பு போனது. பூசணிக்காய் சாம்பார், நம் முறைப்படி வெங்காயம் பூண்டு சேர்க்காமல். அம்சா அரைத்த மல்லாட்டைச் சட்னி, காய்ந்த மிளகாய் தாராளமாக வைத்து. இந்த நாட்டில் நிலக்கடலையையும் மிளகாயையும் கண்ணால் கண்டவன் கிடையாது, தெரிந்துகொள். வாசனை குமரிமுனை வரை போனது. சரி, ஏரிக்கரையின் அந்தக் கோடி வரை போனது.

உச்சிப்பொழுதில் கடுவன் வந்தான். அவன் இலைகள் கட்டோடு வந்தன. எங்கள் இலைகள் வரிசையாகக் கரையில் விரிந்திருந்தன. கலைப்பிரியா அண்டாவின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஏறி நின்றார். பள்ளிக்கூட பிரேயரில் கத்தும் குரல் அது. "கேண்மின்! இது நடுமேட்டார் சோறு. உண்டவர் நடுமேட்டார்மேல் கை ஓங்கலாகாது. நடுமேட்டார் பிள்ளையைப் போருக்கு இழுக்கலாகாது. ஒப்பினால் உண்க. ஒப்பாவிடில் செல்க!"

ஒருத்தரும் அசையவில்லை. கடுவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். என் பக்கம் திரும்பி, "நீ உண்ண வா" என்றான். சூரியன் நேரே தலைக்குமேல். ஒளிய நிழல்கூட இல்லை. "வேந்தே, அன்றைக்குப் பொழுதைக் காரணம் காட்டினேன். இன்றைக்குக் காரணம் எதுவும் இல்லை. உன் சோறு எங்களுக்கு வேண்டாம்" என்றேன். இந்த முறை குரல் நடுங்கியதா என்று கேட்காதே. கால்தான் நடுங்கியது, வேட்டிக்குள் இருந்ததால் வெளியே தெரியவில்லை.

அவன் சிரிப்பு நின்றது. நொண்டி யானையின் பாகன், காய்ந்த மனிதன், முன்னால் வந்து, "யானைக்கும் உண்டோ?" என்று கேட்டான்.

"அதுக்கும் இருக்குது, ஒக்கார சொல்லு" என்றார் அம்சா.

உட்கார்ந்தான். சட்னியை வழித்து வாயில் வைத்தான். கண்ணில் தண்ணீர் கொட்டியது. எல்லோரும் மூச்சை அடக்கிப் பார்த்திருக்க, இன்னும் கொஞ்சம் என்று கையை நீட்டினான். அவ்வளவுதான். ஒருவர், இருவர், பிறகு வரிசை கொள்ளவில்லை. "எழுக!" என்று கடுவன் கத்தினான். எழவில்லை. பெரியதம்பி சாம்பார் வாளியோடு ஓடியதைப் பார்த்திருக்க வேண்டும் நீ. "ஜல்தி ஜல்தி, அந்தாண்ட கோடிக்கு ஊத்து" என்று தனக்குத்தானே ஆணையிட்டுக்கொண்டு ஓடினார்.

கடுவன் நிதிஷைப் பிடித்து முன்னால் தள்ளினான். "இவன் என் சோறு தின்றவன்."

நிதிஷ் ஈட்டியைக் கீழே போட்டான். "தின்னேன். இல்லன்னு சொல்லல. அதுக்கு எத்தினி நாள் வேணும்னாலும் உன் ஏரியில மண்ணு தூக்கறேன். கொல்ல மாட்டேன். மாட்டேன்னா மாட்டேன்." கலைப்பிரியா அதை மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை.

கடுவன் வாளை உருவி ஓங்கினான். இலையில் உட்கார்ந்திருந்த இருநூறு பேரும் அப்போதுதான் எழுந்தார்கள். எச்சில் கையோடு. ஆயுதத்தைத் தொடவில்லை, நிதிஷைச் சுற்றி நின்றார்கள். இந்த இடத்தில் நான் எதையும் கூட்டவில்லை பிராமி. கூட்ட எனக்கு மனம் வரவில்லை.

கடுவன் குதிரையேறிப் போனான். உண்ணாத ஏழெட்டுப் பேர் அவன் பின்னால் போனார்கள். பௌர்ணமி வந்து போயிற்று, போர் நடக்கவில்லை.

இனி உன் தம்பி எழுதுகிறான்:

அக்கா, ஈட்டி புடிச்சி கை காச்சுப்போச்சு, எழுத்து கோணலா வருது. யாரையும் தொடல. அம்மாகிட்ட சொல்லு. விளக்கு வெக்கச் சொல்லு. - நிதிஷ்

மீண்டும் நான். ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. ரேஷன் கடையில் இப்போது தராசு மட்டும்தான் பாக்கி. சோறு போட்டவன் தொடர்ந்து போட வேண்டுமாம், அதுவும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறதாம். உன் மாமன் இப்போது இருநூறு வீரர்களுக்கும் ஒரு யானைக்கும் அரசன். கஜானாவில் அரைப்படிப் புளி.

இப்படிக்கு,
பசித்த படையின் பேரரசன்,
ஜினதாஸ் நயினார்

⁂

விழுப்புரம்
20 நவம்பர் 2024

மாமா,

அம்மா விளக்கு வைத்தார்கள். பிறகு உட்கார்ந்து இரண்டுவேளைச் சோற்றை ஒரேவேளையில் சாப்பிட்டார்கள். நான் பரிமாறிக்கொண்டே இருந்தேன்.

வல்லத்திலிருந்து கேப்பை வாங்கி பாட்டில் பாட்டிலாக விடுகிறேன். கொஞ்சத்தைக் கூழாக்குங்கள், கொஞ்சத்தை விதையுங்கள். காலையும் மாலையும் நானும் சவுரிராயனும் மதகில் உட்கார்ந்து பாட்டில் விடுவதைப் பார்த்து, அந்தப் பொண்ணுக்குத் தம்பி போன துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று பேசிக்கொள்கிறார்களாம்.

நடுமேட்டில் எல்லோரும் இறந்துவிட்டதாக ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்லி உறவுக்காரர்களைத் தாலுகா அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். போடமாட்டேன் என்றேன். ஆதாரம் கேட்டார்கள். "மதகில் விடும் கேப்பை பாட்டில் காலியாகத் திரும்பி வருகிறது, அதுதான் ஆதாரம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பின்னாலேயே ராயப்பன் மகள் எழுந்து வந்தாள். அப்புறம் ஒவ்வொருவராக.

பிராமி

⁂

நடுமேடு
27 நவம்பர் 2024

பிராமி,

பட்டம் சூட்ட நேரமில்லை. இங்கே மூன்று நாளாக விடாத மழை. ஏரி அன்றைக்கு இருந்த மட்டத்தை நெருங்குகிறது. மதகுப் பக்கம் தண்ணீர் சுழலும் வேகம் கூடியிருக்கிறது. நேற்று ஒரு கணம், காற்று மாறியபோது, லாரி ஹாரன் கேட்டது. கேட்டது நான் மட்டுமாக இருந்தால் நீ நம்பாமல் இருக்கலாம். கலைப்பிரியாவும் கேட்டார். எப்படி வந்தோமோ அப்படியே போய்விடுவோம் என்கிறார். அந்த நேரத்தில் மேட்டின்மேல் யார் இருக்கிறார்களோ அவர்கள் எல்லோரும்.

ஊரில் பாதி துணிமணி மூட்டை கட்டிவிட்டது. இதற்கிடையில் கடுவன் தெற்கே போய் வேறு ஆள் சேர்த்துக்கொண்டு வருவதாகத் தகவல். நம் சோறு தின்ற இருநூறு பேரைத்தான் முதலில் வெட்டுவான். அவர்கள் கரையில் குடிசை போட்டு இருக்கிறார்கள். எதுவும் கேட்கவில்லை. பாகன் மட்டும் நேற்று, "நீவிர் செல்வீரோ?" என்று என்னைக் கேட்டான். நான் யானையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன்.

பெரியதம்பி, "இவங்கள இட்டுக்கினு போயி இன்னா பண்றது நயினாரே? பைபாஸ்ல போலீஸ் நிறுத்தி ஆதார் கேப்பான். பேஜாராப் பூடும்" என்கிறார். சொல்லிவிட்டு இரண்டு நாளாகத் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார். நிதிஷ் மூட்டை கட்டவில்லை. "அவங்க மேட்டுல ஏறாம நான் ஏற மாட்டேன். என்னைச் சுத்தி நின்னவங்க மாமா" என்கிறான்.

நீ வக்கீல். சொல். அங்கே அவர்களை என்னவென்று கேட்பார்கள்? நாடு எது, ஊர் எது, யார் பொறுப்பு என்றால் நாங்கள் என்ன சொல்வது? உன் தம்பி வேண்டுமென்றால் அவர்களும் வேண்டும். அவர்கள் வேண்டாமென்றால், எழுதவே கை வரவில்லை. உன் அம்மாவையும் கேட்டுவிட்டு எழுது. ஜல்தியாக எழுது.

ஜினதாஸ்

⁂

ஏரிக்கரை, திண்டிவனம் பக்கம்
29 நவம்பர் 2024

மாமா,

இங்கேயும் மழைதான். நாளை புயல் கரை கடக்கும் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஏரி தளும்புகிறது. இந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு பாட்டில் அனுப்ப நேரம் இருக்குமா தெரியாது. அதனால் கேட்டதற்கு மட்டும் பதில்.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். முடிக்கவிடவில்லை. "இதக் கேட்டு எழுதியிருக்கான் பாரு, இவன் ஒரு ராஜா" என்றார்கள்.

ஆதார் இல்லாத ஆளை என்ன செய்யலாம் என்பதற்குச் சட்டத்தில் பல வழி இருக்கிறது. எதுவும் சீக்கிரம் முடியாது, எல்லாவற்றுக்கும் நான் அலைய வேண்டியிருக்கும். அலைகிறேன். நாடு எது என்று கேட்டால் இதுதான் என்று சொல்லச் சொல்லுங்கள். நம்மைவிட அவர்களுக்குத்தான் அதில் மூத்த உரிமை. யார் பொறுப்பு என்று கேட்டால் பிராமி, வழக்கறிஞர், விழுப்புரம் என்று என் பெயரைச் சொல்லட்டும். யானைக்கு வனத்துறை வரும். அவர்களோடும் பேசிக்கொள்கிறேன்.

போலீஸ் ஒலிபெருக்கி வைத்து எல்லோரையும் கரையைவிட்டு இறங்கச் சொல்கிறது. உங்கள் ஊர் உறவுக்காரர்கள் அத்தனை பேரும் இங்கேதான் இருக்கிறோம். இறங்கவில்லை. அதிகாரி ஒருவர் குடையோடு வந்து, "இன்னும் யாருக்கும்மா காத்துக்கினு இருக்கீங்க?" என்றார். அம்மா தார்ப்பாய்க்கடியில் கல் அடுப்பை ஊதிக்கொண்டே, "ஊர் ஆளுங்களுக்கு. இன்னும் ஒரு எறநூறு பேரு கூட வர்றாங்க. நின்னுக்கினே இருக்கறதுக்கு அந்த வெறகக் கொஞ்சம் இப்பிடி எடுத்துக் குடுங்க" என்றார்கள். எடுத்துக் கொடுத்தார்.

எல்லோரையும் மேட்டில் ஏற்றுங்கள் மாமா. பாகனை முதலில் ஏற்றுங்கள். போன முறை தூக்கத்தில்தான் போனீர்கள், இந்த முறை ஆள் எண்ணி முடிக்கும்வரை யாரும் கண்ணை மூட வேண்டாம். ஒருவர் குறைந்தாலும் உங்கள்மேல் நானே வழக்குப் போடுவேன்.

பிராமி